கொடுவா குஞ்சு வளரலன்னு டப்பா வாங்கறதுக்கு முன்னாடி

தம்பி கேட்டது சுருக்கமா இதான். அத்திப்பட்டு தாண்டி குத்தகைக்கு எடுத்த பழைய எறால் குட்டைல ஹாப்பா (வலைக் கூண்டு) கட்டி 2,000 கொடுவா மீனு குஞ்சு உட்டிருக்காரு, 45 நாளாச்சு. காசிமேட்லேந்து கழிவு மீனு வாங்கியாந்து அரைச்சு காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி, ரெண்டும் சேத்து ஒன்றரை கிலோ போடறாரு, நடுல எறால் ஃபீடு ஒரு 200 கிராம். கொஞ்சம் குஞ்சு விரல் நீளத்தத் தாண்டிடுச்சு, பாதிக்கு மேல வாங்குன சைஸ்லயே நிக்குது, ஒண்ணு ரெண்டு முதுகு வளைஞ்சிருக்கு, சிலது சாயங்காலத்துல சுத்திச் சுத்தி வந்து மல்லாந்துடுது. கடைக்காரர் வைட்டமின், மினரல், குரோத் பூஸ்டர், லிவர் டானிக் நாலும் சேத்து 4,600 ரூபான்னு எழுதிக் குடுத்துட்டாரு. வாங்கலாமா வேணாமான்னு கேக்கறாரு.

வேணாம் தம்பி. அதாவது நாலும் வேணாம், அதுல ஒண்ணு வேணும், ஆனா அது எதுன்னு கடைக்காரருக்குத் தெரியாது, ஏன்னாக்கா அவர் உன் குஞ்சப் பாக்கல. நான் திருவொத்தியூர்க்காரன், இருபது வருஷமா குஞ்சு பொரிப்பகத்துலயும் தீவனம் கலக்கற எடத்துலயும் கை நாறிக்கினு இருக்கறவன், அந்த அனுபவத்துல சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போவும், டீ போட்டுக்கினு குந்திப் படி.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்க. சப்ளிமெண்டுன்றது, அதான் இந்த வைட்டமின் டானிக் டப்பாங்க, வளத்து உடற சமாச்சாரம் கெடையாது. சாப்பாட்டுல எங்கயோ ஒரு ஓட்டை இருக்கும், அந்த ஓட்டைய அடைக்கறதுதான் அதோட வேல. ஓட்டை இல்லாத எடத்துல எவ்ளோ ஊத்துனாலும் வழிஞ்சு தண்ணிலதான் போவும். உன் வீட்டுல அரிசிப்பான காலியா இருக்கு, நீ உப்பு எந்தக் கம்பெனின்னு கேட்டுக்கினு இருக்க, அந்த மாதிரிதான் இருக்கு உன் கேள்வி. கோச்சுக்காத.

கணக்குப் போட்டுக் காட்டறேன். 2,000 உட்ட, இப்ப எத்தினி இருக்குன்னு நீ எழுதல, எண்ணிப் பாத்திருக்க மாட்ட, நான் 1,200ன்னு வச்சிக்கறேன் (ஏன் கொறைச்சேன்னு கீழ சொல்றேன்). சராசரி 10 கிராம்னா மொத்தம் 12 கிலோ மீனு தண்ணில இருக்கு. இந்த வயசு கொடுவாக்கு ஒடம்பு எடைல ஒரு 8 சதவீதம் காஞ்ச தீவனம் தெனம் போவணும், அதாவது 960 கிராம். கொடுவா மாமிசம் துண்ற மீனு, குஞ்சுல அதோட தீவனத்துல புரதம் 45 சதவீதத்துக்குக் கீழ எறங்கக் கூடாது, ஆக தெனம் 430 கிராம் புரதம் வேணும். இப்ப நீ போடறதப் பாரு. பச்ச மீனுல நாலுல மூணு பங்கு தண்ணி, புரதம் 17 சதவீதம் கெடச்சா பெருசு. ஒன்றரை கிலோல 255 கிராம். எறால் ஃபீடு 35 சதவீதம்னு வச்சாக்கூட 70 கிராம். ரெண்டும் சேந்து 325, அதுவும் ஒரு துளி வீணாப் போவாம குஞ்சு வாய்க்குள்ள போனா. நீ மிக்சில அரைச்சுப் போடற, பாதி சாறா கரைஞ்சு ஹாப்பாவ உட்டு வெளிய போயிடும், ஃபீடு விசயம் இன்னும் மோசம், எறால் ஃபீடு எறாலுக்குன்னே அடில மூழ்கற மாதிரி செய்யறது, கொடுவா தரைல கெடக்கறதப் பொறுக்கித் துண்ணாது, தண்ணில ஆடிக்கினு எறங்கறதத்தான் பாஞ்சு புடிக்கும். ஆக உன் குஞ்சுங்க அரை வயிறுதான் துண்ணுது. இந்த நெலமைல குரோத் பூஸ்டர் போட்டா அது எத்த பூஸ்ட் பண்ணும்?

இப்ப அந்த 1,200 விசயம். கொடுவா தன் நீளத்துல மூணுல ரெண்டு பங்கு இருக்கற இன்னொரு கொடுவாவ அப்படியே முழுங்கிடும். நீ சொல்ற பெரிய குஞ்சுங்க உன் தீவனத்துல வளரல, தம்பிங்களத் துண்ணு வளந்திருக்கு. செத்த குஞ்சு மெதந்து வந்தா கண்ணுக்குத் தெரியும், முழுங்குனது தெரியாது, அதான் எண்ணிப் பாக்காம நம்பவே கூடாதுன்றேன். மிச்சம் இருக்கற சின்னதுங்க பயத்துல மூலைல ஒதுங்கி நிக்கும், தீவனம் போட்டா நடுவுக்கு வராது, பட்டினியால வளராது, வளராததால இன்னும் சுலபமா வாய்க்குள்ள போவும். நாலஞ்சு நாளைக்கு ஒருவாட்டி சைஸ் பிரிக்கணும். பொரிப்பகத்துல அதுக்குன்னு கம்பி வச்ச பொட்டி இருக்கும், உனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளில அடிப்பக்கமும் சைடுலயும் ஒரே அளவுல ஓட்ட போட்டா போதும், தண்ணில வாளிய பாதி முக்கி குஞ்சுங்கள உட்டா சின்னதுங்க தானா வெளிய போயிடும். ஓட்டை வெளிம்ப சாண்ட்பேப்பர் போட்டு மழுக்கிடு, இல்லன்னா செதிலு உரிஞ்சு மறுநாள் பூஞ்சை புடிக்கும். மூணு ஹாப்பா கட்டி பெருசு நடுத்தரம் சின்னதுன்னு போடு. இத்த மட்டும் ஒரு மாசம் ஒழுங்கா செஞ்சா நீ சப்ளிமெண்டுன்ற வார்த்தையவே மறந்துடுவன்னுகூட எனக்குத் தோணும், ஆனா அது முழு உண்மை இல்ல, ஏன்னா உன் குஞ்சுல ரெண்டு நெசமான ஓட்டை தெரியுது.

ஒண்ணு அந்த சுத்திச் சுத்தி வர்றது. வாளி ஹாப்பால தட்டுனா, இல்ல நெழல் உழுந்தா திடுக்குன்னு பாஞ்சு, வளையம் வளையமா சுத்தி, அப்பால மல்லாந்து செவுள மட்டும் ஆட்டிக்கினு கெடக்கும், இதானே நீ பாத்தது? கழிவு மீனு என்னா மீனுன்னு நீ எழுதல, ஆனா இந்த சீசன்ல காசிமேட்டுல கூடைல கம்மி வெலைக்கு வர்றது கவலையும் நெத்திலியும் காரப்பொடியும்தான். கவலை, மத்தி, நெத்திலி குடும்பத்து மீனுங்க சிலதுல தயமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது வைட்டமின் பி1ன்னு சொல்ற தயமினத் துண்டு துண்டா ஒடச்சிடும். நீ அரைச்சு வச்ச மாவுல பி1 இருந்தாலும் அரைச்ச நிமிசத்துலேந்து அது அழிஞ்சிக்கினே இருக்கும், காலைல அரைச்சத சாயங்காலமும் போடறன்னா சுத்தம். பி1 இல்லன்னா நரம்பு பாதிக்கும், பேலன்ஸ் போவும், இழுப்பு வரும். சுத்தறதுக்கு வைரஸும் காரணமா இருக்கலாம், கொடுவா குஞ்சுல நரம்பத் தாக்கற வைரல் நெர்வஸ் நெக்ரோசிஸ்னு ஒண்ணு இருக்கு, அது பெரும்பாலும் இன்னும் சின்ன வயசுலயே கொத்தா வந்து அள்ளிக்கினு போவும், அதனால செத்தத அப்படியே ஐஸ்ல வச்சு பரிசோதனைக்குக் குடுக்கறது நல்லது. பொன்னேரில மீன்வளக் கல்லூரி இருக்கு, உனக்குப் பக்கம்தான். ஆனா அதுக்குள்ள செய்யக்கூடிய ஒண்ணு, மீன வேக வை. பத்து நிமிசம் நல்லா கொதிச்சா தயமினேஸ் செத்துடும். வேக வச்ச தண்ணியக் கீழ ஊத்தாத, பி வைட்டமினுங்க தண்ணில எறங்கிடும், அத்தயும் மாவுல சேத்துப் பெசைஞ்சிடு. மீனு ஆறுனப்பறம் வைட்டமின் பிரீமிக்ஸ், அதாவது பல வைட்டமின ஒண்ணாக் கலந்த பவுடர், கலக்கு. இங்க சப்ளிமெண்ட் நெசமாவே வேல செய்யும், ஏன்னா ஓட்டை எதுன்னு தெரிஞ்சு போட்டிருக்கோம்.

ரெண்டாவது, முதுகு வளையறது. இதுல ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காத.

மொத வழி வைட்டமின் சி. ஆடு மாடு தன் ஒடம்புலயே சி தயாரிச்சுக்கும், நமக்கும் முடியாது, கொடுவா மாதிரி மீனுங்களுக்கும் முடியாது, அதுக்கான கடைசி என்சைம் இல்ல. சி இல்லன்னா எலும்ப ஒட்டிப் புடிக்கற கொலாஜன் சரியா பின்னாது, வளர்ற வேகத்துல முதுகெலும்பு பக்கவாட்டுல இல்ல மேலுங்கீழுமா வளையும், செவுள் மூடி சுருங்கும், வாலு துடுப்பு அரிச்ச மாதிரி ஆவும். இதுல காசு போற எடம் எதுன்னா, சாதா சி, அந்த அஸ்கார்பிக் ஆசிட் பவுடர், காத்து பட்டா போவும், சூடு பட்டா போவும், தண்ணில உழுந்தா கரைஞ்சு போவும். அதனாலதான் பாஸ்பேட் சேத்து நிக்கிற மாதிரி செஞ்ச சி தனியா விக்கறான், லேபிள்ல அஸ்கார்பில் பாஸ்பேட்னு, இல்ல மோனோபாஸ்பேட் பாலிபாஸ்பேட்னு இருக்கும். அந்த வடிவத்துல கிலோ தீவனத்துக்கு சில பத்து மில்லிகிராமே மீனுக்குப் போதும், சாதா வடிவத்துல நூறுக் கணக்குல கொட்டணும், ஏன்னா முக்காவாசி மீன் வாய்க்கே போவாது. வெல கூட இருந்தாலும் பாஸ்பேட் வடிவம்தான் கடைசில சீப்பு.

என் கதை ஒண்ணு சொல்றேன், சிரிச்சுக்க. ஆரம்பத்துல, வேலைக்குச் சேந்து ஒரு வருசம்கூட ஆவல, வீட்டு மொட்டமாடில பத்து கிலோ தீவனத்துக்கு வைட்டமின் தண்ணி தெளிச்சு பாய்ல பரப்பி மே மாச வெயில்ல காய வச்சேன். காக்கா ஒரு பக்கம் பூனை ஒரு பக்கம், எங்கம்மா தொடப்பத்தோட நின்னு காவல். சாயங்காலம் மொறுமொறுன்னு காஞ்சு சோக்கா இருந்துச்சு, பெருமையா மூட்ட கட்டி எடுத்துக்கினு போனேன். அங்க இருந்த பெரியவர் ஒரு வாய் அள்ளி மோந்து பாத்துட்டு, தம்பி வெயிலுக்கு வைட்டமின் குடுத்துட்ட, மீனுக்கு இன்னா குடுக்கப் போறன்னாரு. அன்னிலேந்து நெழல்லதான், ஃபேன் காத்துலதான் காய வைக்கறேன்.

முதுகு வளையறதுக்கு ரெண்டாவது வழி பொரிப்பகத்துலேந்தே வர்றது. இத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா கடல் மீன் குஞ்சுக்கு சப்ளிமெண்டுன்னா நெசமான வேல நடக்கறது அங்கதான், உன் குட்டைல இல்ல. கொடுவா முட்டை பொரிச்சு ரெண்டு மூணு நாள்ல வாய் தொறக்கும். அந்த வாய்க்கு அரை மில்லிமீட்டர் கூட பெருசு, அதனால ரோட்டிஃபர்னு கண்ணுக்குப் புள்ளியாத் தெரியற ஒரு உயிர வளத்துப் போடுவாங்க, அப்பால ஒரு வாரம் பத்து நாள்ல ஆர்ட்டிமியான்னு, உப்புத் தண்ணில வாழற பொடி எறால் மாதிரி உயிரோட குஞ்சு. இந்த ஆர்ட்டிமியா முட்டை டப்பா டப்பாவா அமெரிக்காலேந்து, உட்டால இருக்கற கிரேட் சால்ட் லேக்குன்ற உப்பு ஏரிலேந்து வரும். பாக்க ஆரஞ்சுக் கலர்ல அழகா இருக்கும், மீன்குஞ்சும் விரட்டி விரட்டித் துண்ணும், ஆனா அதுல டிஎச்ஏன்ற கொழுப்பு அனேகமா கெடையாது. கடல் மீனோட மூளையும் கண்ணும் டிஎச்ஏல கட்டுனது. ஆத்து மீனுங்க பலதும் செடி எண்ணெய்ல இருக்கற சின்ன ஒமேகா 3யெடுத்து நீட்டி தானே டிஎச்ஏ செஞ்சுக்கும், கடல்ல சுத்தற மாமிச மீனுங்களுக்கு அந்த வித்தை மறந்து போச்சு, கடல்லதான் அது ரெடிமேடா கெடைக்குதே, எதுக்கு செய்யணும். அதனால பொரிப்பகத்துல ஆர்ட்டிமியாவுக்கு மொதல்ல மீன் எண்ணெய் எமல்சன் (எண்ணெயத் தண்ணில பொடித் துளியா அடிச்சது) துண்ணக் குடுத்து, அது வயித்துல எண்ணெயோட இருக்கறப்பவே மீன்குஞ்சுக்குப் போடுவாங்க. டிபன் பாக்ஸ்ல சோறு கட்டி அனுப்பற மாதிரி, பாக்ஸ் ஆர்ட்டிமியா. இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, பொரிச்ச உடனே ஆர்ட்டிமியாவுக்கு வாயே தொறந்திருக்காது, ஒருவாட்டி சட்டை கழட்டுனப்பறம்தான் துண்ணும், அதுக்கு முன்னாடி எமல்சன் ஊத்துனா எண்ணெய் தண்ணில மெதக்கும், அவ்ளோதான். அது மட்டும் இல்ல, ஆர்ட்டிமியா துண்ண டிஎச்ஏவ தானே வேற கொழுப்பா மாத்திக்கினே இருக்கும், அதனால எண்ணெய் ஏத்தி சில மணி நேரத்துல போட்டுடணும், இல்லன்னா ஐஸ் தண்ணில வைக்கணும். அவசரத்துல இத்தயெல்லாம் உட்டுட்டா குஞ்சு பொழைக்கும், ஆனா மந்தமா, இரை கண்ணுக்குத் தெரியாம, கூட்டத்தோட சேராம, கைபட்டாலே செத்துப் போற மாதிரி வரும். மெதக்கற எண்ணெய் இன்னொரு வேலையும் பாக்கும். பல கடல் மீனுங்க பொரிச்ச கொஞ்ச நாள்ல மேல வந்து ஒரு மடக்கு காத்து முழுங்கித்தான் காத்துப்பைய ஊதிக்கும், மேல எண்ணெய்ப் படலம் இருந்தா வாய் மேல போவாது, பை ஊதாது, அப்பால அது வாழ்நாள் பூரா தலையத் தூக்கி வாலாட்டிக்கினே நீந்தும், அப்படி நீந்தி நீந்தி முதுகு வளைஞ்சுக்கும். இந்த வளைவ இன்னிக்கு நீ எந்த டப்பா வாங்குனாலும் நிமித்த முடியாது.

எப்படிக் கண்டுபுடிக்கறது? உன்கிட்ட இருக்கற வளைஞ்ச குஞ்ச கண்ணாடி டம்ளர்ல உட்டு பின்னாடி செல்போன் டார்ச் அடி. கொடுவா குஞ்சு சின்னதுல ஓரளவு கண்ணாடி மாதிரிதான் இருக்கும், முதுகெலும்புக்குக் கீழ வெள்ளிக் கலர்ல காத்துக் குமிழ் பளிச்சுன்னு தெரியணும். குமிழ் இல்லாம, தல மேல வச்சு நீந்துனா பொரிப்பகத்துப் பிரச்சன. குமிழ் இருக்கு, வளைவு இப்பதான் புதுசா வருது, செவுள் மூடியும் ஓரத்துல சுருண்டிருக்குன்னா சி பத்தல. குஞ்சு கொஞ்சம் பெருசாயிட்டா தோல் கெட்டியாயி தெரியாது, அப்ப செத்த ஒண்ண அறுத்துப் பாத்துக்க. அடுத்த வாட்டி குஞ்சு வாங்கறப்ப பையில கட்டறதுக்கு முன்னாடி பத்து குஞ்ச டம்ளர்ல பாத்துட்டு வாங்கு, கூச்சப்படாத.

கொடுவாவ நம்ம நாட்டுல தொட்டில வளத்த தாய் மீனுலேந்து மொதமொதல்ல குஞ்சு எடுத்ததே நம்ம சென்னைலதான், பட்டினப்பாக்கம் பக்கம் சாந்தோம் ஹைரோட்டுல ஆபீஸ் வச்சிருக்கற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், சீபான்னு சொல்வாங்க, அவங்க 1997ல முட்டுக்காட்டு ஸ்டேஷன்ல செஞ்சாங்க. மண்டபத்துல சிஎம்எஃப்ஆர்ஐ, அதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 2010ல கடல்விராலு, 2011ல சில்வர் பாம்பனோன்னு அடுத்தடுத்து எடுத்தாங்க. இத்த எதுக்கு சொல்றேன்னா, இந்த மீனுங்களோட குஞ்சுத் தீவனம் பத்தி நம்ம ஊர்லயே வேல செஞ்சவங்க இருக்காங்க, சந்தேகம்னா அவங்களக் கேக்கலாம், டப்பா விக்கறவனக் கேக்க வேண்டியதில்ல.

சரி, கடைக்காரர் எழுதிக் குடுத்த லிஸ்டுக்கு வருவோம்.

லிவர் டானிக். இதுல பெரும்பாலும் கோலின், கொஞ்சம் மூலிகை, சார்பிட்டால் இருக்கும். கோலின் நெசமாவே கல்லீரல்ல கொழுப்பு தேங்காமப் பாத்துக்கும். ஆனா கல்லீரல் எதனால கெடுதுன்னு பாரு. காசிமேட்டுல விடிகாலைல வாங்குன மீனு ஐஸ் இல்லாம சாக்குல அத்திப்பட்டு வந்து சேரறதுக்குள்ள அதோட எண்ணெய் கெட்டுப்போவும், காரின வாசன வரும், அந்த எண்ணெய் மீனோட வைட்டமின் ஈயெல்லாம் காலி பண்ணிட்டு கல்லீரல்ல கை வைக்கும். செத்த குஞ்சு ஒண்ண வயித்தக் கிழிச்சுப் பாரு, கல்லீரல் செங்கல் கலர்ல வழவழன்னு இருந்தா ஒண்ணும் கவல இல்ல, வெளுத்து மஞ்சளா, வெரல்ல தொட்டா எண்ணெய் பிசுக்குன்னு ஒட்டுனா தீவனம் கெட்டுப்போனது. கெட்ட மீனும் போட்டுக்கினு டானிக்கும் ஊத்தறது குடிச்சிக்கினே லிவர் மாத்திரை போடற கதை. மீனு செவுளத் தூக்கிப் பாத்து வாங்கு, தெர்மக்கோல் பொட்டில ஐஸ் போட்டு எடுத்தா, அவ்ளோதான் டானிக்.

மினரல். கொடுவா தண்ணிலேந்தே கால்சியம் எடுத்துக்கும், ஆனா பாஸ்பரஸ் தீவனத்துலேந்துதான் வரணும். முழு மீனு எலும்போட அரைச்சுப் போடறவனுக்கு பாஸ்பரஸ் பஞ்சம் வராது. சோயா நெறைய இருக்கற தீவனம்னா வேற கதை, சோயாவுல பாஸ்பரஸ் ஃபைட்டேட்டா பூட்டி வச்சிருக்கும், அந்தப் பூட்டத் தொறக்கத்தான் ஃபைட்டேஸ்னு என்சைம் சேக்கறாங்க. உனக்கு இப்போதைக்கு வேணாம்.

குரோத் பூஸ்டர். இங்கதான் உஷாரா இருக்கணும். டப்பால இன்னா இருக்குன்னு லேபிள் இல்லன்னா கையால தொடாத. நான் பாத்ததுல சிலது சும்மா ஈஸ்ட்டும் வெல்லமும், அதுனால பெருசா கெடுதல் இல்ல, துட்டு போவும். ஆனா ஆன்டிபயாடிக் கலந்து விக்கற ஆளுங்களும் இருக்காங்க. குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் எல்லாம் மீன் எறால் வளர்ப்புல நம்ம நாட்டுல தடை பண்ணது. 2005 சட்டத்துல வந்த கடலோர மீன்வளர்ப்பு ஆணையத்துல பதிவு பண்ணாமயே கடலோரத்துல பண்ணை நடத்தக் கூடாது, பதிவு வாங்கிட்டு இந்த மருந்தப் போட்டு மாட்டுனா பதிவே போவும். ஆண் ஹார்மோன் கலந்த சரக்கும் காதுல உழுது, நம்ம புள்ளைங்க துண்ற மீனு, அந்தப் பக்கமே போவாத.

இதுல சேராம, நீ கேக்காம உட்டது சிலது நெசமா பிரயோசனம் உள்ளது. டாரின். இது அமினோ அமிலம் மாதிரி ஒரு சத்து, மாமிச மீனுங்களுக்கு வேணும், மீன்தூள்ல நெறைய இருக்கு, சோயா மாதிரி செடிப் புரதத்துல சுத்தமா கெடையாது. ஜப்பான்ல கடல் பிரீமுக்கும் எல்லோடெய்ல் மீனுக்கும் மீன்தூளக் கொறைச்சு சோயாவ ஏத்தி வளத்தப்ப ஈரல் பச்சக் கலராயிடுச்சு, காரணம் தேடுனா டாரின் பத்தாதது, சேத்ததும் சரியாப் போச்சு. நீ பச்ச மீன் போடறவரைக்கும் பிரச்சன இல்ல, வெல கம்மின்னு சோயா ஃபீடுக்கு மாறுனா ஞாபகம் வச்சிக்க. அதே மாதிரி மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம், சோயால அது கொறைவு.

புரோபயாடிக்கும் (நல்ல பாக்டீரியா) பீட்டா குளுக்கானும் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. பேசில்லஸ் வகை புரோபயாடிக் குடல்ல இருந்தா செரிமானத்துக்கு ஒத்தாசையா இருக்கும், கெட்ட பாக்டீரியாவுக்கு எடம் குடுக்காது, சில குட்டைல நல்ல பலன் பாத்திருக்கேன், சிலதுல ஒரு வித்தியாசமும் காணோம், குஞ்சு ஏற்கனவே நல்லா இருந்தா வித்தியாசம் தெரியறதில்ல. தண்ணிக்கு ஊத்தறதும் தீவனத்துல கலக்கறதும் வேற வேற சரக்கு, ஒண்ணுக்கு இன்னொண்ணு ஆவாது. பீட்டா குளுக்கான் ஈஸ்ட்டோட தோல்லேந்து எடுக்கறது, எதிர்ப்பு சக்திய உசுப்பி உடும், கிலோவுக்கு ஒரு கிராம் அளவுல சைஸ் பிரிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, ஐப்பசி மழை தொடங்கறதுக்கு முன்னாடின்னு ரெண்டு மூணு வாரம் குடுத்துட்டு நிறுத்திடு, வருசம் பூரா போட்டா ஒடம்பு பழகிப்போயி கண்டுக்காது. அஸ்டாசாந்தின்லாம் கலருக்கு, கொடுவாக்கு எதுக்கு.

மீன் எண்ணெய் ஒண்ணு. கடல் குஞ்சுக்குத் தீவனத்துல டிஎச்ஏ, அதே ஒமேகா 3 ஜாதில இன்னொண்ணான இபிஏ ரெண்டும் சேந்து ஏறக்குறைய 1 சதவீதம் இருந்தா போதும். நல்ல மாரைன் ஃபீடுல ஏற்கனவே இருக்கும். மத்தி எண்ணெய்ல கால்வாசி இந்த ரெண்டும்தான், கிலோ தீவனத்துக்கு 10 மில்லி பூசுனா கால் சதவீதம் ஏறும், பூச்சாவும் ஆச்சு சத்தாவும் ஆச்சு. அதுக்கு மேல ஊத்தாத, வயித்தச் சுத்தி கொழுப்பு கட்டிக்கும், எடை ஏறுன மாதிரி தெரியும், வெட்டுனா சதை இருக்காது.

இப்ப செய்ய வேண்டியது. கடல் மீன் குஞ்சுக்குன்னு இருக்கற, மெதுவா மூழ்கற இல்ல மெதக்கற ஃபீடு, புரதம் 45க்கு மேல, குஞ்சு வாய் அகலத்துல பாதி சைஸ் வாங்கு. ஒரே நாள்ல மாத்தாத, மீன் துண்ணு பழகுன குஞ்சு பெல்லட்டக் கல்லுன்னு நெனச்சு துப்பிடும். வேக வச்ச மீன் மாவுல ஃபீடு தூளக் கலந்து உருட்டி, தெனம் மீனக் கொறைச்சு ஃபீட ஏத்தி ஒரு பத்து நாள்ல மாத்து, காலைல பசியோட இருக்கற மொத வேளைல புதுசப் போடு. நாலு வேளையாப் பிரிச்சுக்க, விடியறப்பவும் பொழுது சாயறப்பவும் கொஞ்சம் கூட, கொடுவா அப்பதான் நல்லா பாயும். கையால கொஞ்சம் கொஞ்சமா தூவு, பாயறது கொறைஞ்சா நிறுத்திடு. வைட்டமின் கலக்கறதுன்னா கிலோவுக்கு 50 மில்லி தண்ணில பவுடரக் கரைச்சு தெளிச்சு பொறட்டி, நெழல்ல ஃபேன்ல அரை மணி உட்டு, அதுக்கு மேல மீன் எண்ணெயப் பூசு. வரிசை மாறக் கூடாது, எண்ணெய மொதல்ல பூசிட்டா வைட்டமின் தண்ணி உள்ள ஏறாது, எண்ணெய் கடைசில வந்தாதான் தண்ணில கரையாம மூடி வைக்கும். அன்னிக்குக் கலந்தத அன்னிக்கே போட்டுடு. மிச்ச பவுடர தகரக் கொட்டாய்ல வைக்காத, உங்க வூட்டு ஃப்ரிட்ஜ்ல வை, வூட்டுல திட்டுனா ஒரு டப்பால போட்டு மூடி வை.

ஹாப்பா வலையையும் பாரு. நீ எழுதுனதுல வலையக் கழுவறதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. பாசி அடைச்சிட்டா தண்ணி உள்ள மாறாது, விடிகாலைல ஆக்சிஜன் கீழ போவும், மூச்சு முட்டறப்ப எந்த மீனும் துண்ணாது. வாரம் ஒருவாட்டி பிரஷ் போடு. அப்பறம் தண்ணி எங்கேந்து எடுக்கற? முகத்துவாரம் பக்கம் ஓடைலேந்துன்னா ஏத்தறதுக்கு முன்னாடி மேல எண்ணெய் மினுக்குதான்னு பாத்து ஏத்து. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர்ல எண்ணெய் பரவுனப்ப படகும் வலையும் கறுப்பாப் போனத நம்ம அல்லாரும் பாத்தோம், அந்தத் தண்ணி குட்டைல ஏறுனா எந்த வைட்டமினும் காப்பாத்தாது.

எடை பாக்கற விதம் பத்தி ஒண்ணு மட்டும். வாளில மொத்தமா நிறுத்து எண்ணிக்கையால வகுக்காத. 50 குஞ்ச ஒவ்வொண்ணா நிறுத்து எழுது, நகைக்கடைல இருக்கற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு போதும். 30 குஞ்சு 4 கிராம், 20 குஞ்சு 25 கிராம்னு இருந்தா சராசரி 12.4 வரும், கேக்க நல்லா இருக்கும், ஆனா உன் ஹாப்பால 12 கிராம் குஞ்சு ஒண்ணுகூட கெடையாது. அந்த 4 கிராம் குஞ்சுங்க பிரிச்சு வச்சு வயிறார சாப்பாடு போட்ட ரெண்டு வாரத்துல ஏறுதான்னு பாக்கணும், ஏறுனா பட்டினி, ஏறலன்னா நோயோ பொரிப்பகமோ.

நாளைக்கு விடிகாலைல மொத வேளை போடறதுக்கு முன்னாடி அந்த 50 எடைய எடுத்து எழுதி அனுப்பு, கூடவே மொத்த எண்ணிக்கையும், ஒரு செத்த குஞ்சோட கல்லீரல் போட்டோவும். அந்த நாலு டப்பால பி காம்ப்ளெக்ஸும் பாஸ்பேட் சியும் இருக்கற வைட்டமின் டப்பா எதுன்னு லேபிள் போட்டோ எடுத்துப் போடு, அத்த மட்டும் வாங்கு. மத்த மூணுக்கு அட்வான்ஸ் ஏதாச்சும் குடுத்துட்டன்னா இப்பவே போயி திருப்பிக் கேளு.